ஒரே பாக்கெட்டில் சர்வர் விழுமா? விழுந்தால் தானாக எழுமா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை பாக்டரியின் கணினி வேலைகளைப் பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “அண்ணா, சுற்று ஹட்டிகளில், அதாவது மலைக் கிராமங்களில், எடை போடும் பச்சைத் தேயிலைக் கணக்கு முழுக்க எங்கள் பாக்டரியில் இருக்கும் ஒரே லினக்ஸ் சர்வருக்குத்தான் வருகிறது. வெளியிலிருந்து ஒரே ஒரு பாக்கெட் அனுப்பி சர்வரையே கவிழ்த்துவிடலாம் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது உண்மையா? எங்கள் சர்வர் தாங்குமா என்று எப்படிச் சோதிப்பது?”

உண்மைதான் தம்பி. ஒன்று இல்லாவிட்டாலும் ஒரு கைப்பிடி பாக்கெட் போதும். ஆனால் கேள்வியின் பின்பாதியைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள். ‘தாங்குமா’ என்று மட்டும் பார்த்தால் அது பாதிச் சோதனை. விழுந்தால் எதனால் விழுந்தது என்று தடயம் மிஞ்சுமா? யாரும் தொடாமல் தானாக எழுந்து நிற்குமா? எழுந்தபின் கடைசியாகப் போட்ட எடை கணக்கில் இருக்குமா? மலையில் சர்வர் வைத்திருப்பவருக்கு இந்த மூன்றும்தான் முக்கியம். கீழே கோவையில் என்றால் ஒரு பையன் பைக்கை எடுத்துக்கொண்டு போய் பட்டனை அழுத்திவிட்டு வருவான். நமக்கு ஐப்பசி மழையில் பாதையில் ஒரு மரம் சாய்ந்தாலே அன்றைய பொழுது போயிற்று. 2009 நவம்பரில் மண் சரிந்தபோது நான் குன்னூரில் இருந்தேன். கையெட்டும் தூரத்தில் இருந்த இடத்துக்குக்கூடப் போக முடியவில்லை. அதிலிருந்து எந்த சர்வரைப் பார்த்தாலும் முதலில் மனதில் வரும் கேள்வி இதுதான்: நான் போகாமலே இது எழுமா?

முதலில், ஒரு பாக்கெட் எப்படி ஒரு இயந்திரத்தைக் கவிழ்க்கிறது என்று பார்ப்போம். பாக்கெட் என்பது நெட்வொர்க்கில் தரவு பயணிக்கும் சிறு பொட்டலம். அதை முகவரி பார்த்துக் கொண்டுசேர்க்கும் விதிமுறைதான் ஐபி. இது புரிந்தால் சோதனையில் எதைத் தேடவேண்டும் என்று தானாகவே புரியும்.

1996 வாக்கில் வந்த ‘பிங் ஆஃப் டெத்’ தான் எல்லோருக்கும் தெரிந்த பழைய கதை. ஒரு ஐபி பாக்கெட்டின் மொத்த நீளத்தைக் குறிக்க 16 பிட் இடம்தான் உண்டு. அதனால் அதிகபட்சம் 65,535 பைட். பெரிய பாக்கெட்டைத் துண்டுகளாக அனுப்பினால், ஒவ்வொரு துண்டும் எந்த இடத்தில் ஒட்டவேண்டும் என்பதை 13 பிட்டில், எட்டு எட்டு பைட்டாக எண்ணிச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லக்கூடிய கடைசி இடம் 65,528. அந்த இடத்தில் வந்து உட்காரும் துண்டில் ஏழு பைட்டுக்கு மேல் இருந்தால் என்ன ஆகும்? தனித்தனியாகப் பார்த்தால் எந்தத் துண்டிலும் குற்றம் இல்லை. ஒட்டியபின் மொத்தம் 65,535-ஐத் தாண்டிவிடும். அன்றைய இயங்குதளங்கள் பல, ஒட்டுவதற்கு எடுத்துவைத்த இடம் போதுமா என்று பார்க்கவே இல்லை. பக்கத்து நினைவகத்தில் எழுதிவிட்டுத் தொங்கிவிடும், இல்லை மறுபடி பூட் ஆகும். இதற்கு விசேஷக் கருவிகூடத் தேவைப்படவில்லை. விண்டோஸ் 95-இல் இருந்த சாதாரண பிங் கட்டளையில் அளவைக் கூட்டிக் கொடுத்தாலே போதும்.

1997-இல் ‘டியர்டிராப்’ வந்தது. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காருவதுபோல் எண்களைப் போட்டு அனுப்புவது. மிச்ச நீளத்தைக் கணக்கிடும்போது விடை மைனஸில் போகும். அந்த மைனஸ் எண்ணைக் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையக் கரு, பிரம்மாண்டமான ப்ளஸ் எண்ணாக எடுத்துக்கொண்டு அத்தனை பைட்டை நகலெடுக்கப் போய் விழும். அதே வருடம் ‘லேண்ட்’. அனுப்பியவர் முகவரியும் பெறுபவர் முகவரியும் ஒன்றே என்று எழுதி அனுப்புவது. இயந்திரம் தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டே கிடக்கும். இந்த லேண்டில் ஒரு வேடிக்கை உண்டு. 1997-இல் அடைத்த ஓட்டை 2005-இல் விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-லும் சர்வர் 2003-லும் திரும்ப வந்து நின்றது. எட்டு வருடம்! ‘அது பழைய விஷயம், இப்போது எதற்கு’ என்று எந்தச் சோதனையையும் விடக்கூடாது என்பதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் இது.

இது விண்டோஸ் சங்கதி, நம்முடையது லினக்ஸ் என்று நீங்கள் நினைக்கலாம். சரி, லினக்ஸுக்கே வருவோம். 2019 ஜூனில் நெட்ஃபிளிக்ஸின் ஜொனதன் லூனி கண்டுபிடித்த ‘சாக் பேனிக்’. தரவு வரிசை குலையாமல் போய்ச்சேரப் பார்த்துக்கொள்ளும் டிசிபி இணைப்பில் எந்தெந்தத் துண்டு வந்து சேர்ந்தது, எது வரவில்லை என்று பெறுபவர் தனித்தனியாகச் சொல்வதற்கு ஒரு வசதி இருக்கிறது. அதன் பெயர் சாக். லினக்ஸ் அனுப்பக் காத்திருக்கும் தரவை ஒரு பொதியில் 17 துண்டு, துண்டுக்கு 32 கிலோபைட் வரை சேர்த்து வைத்துக்கொள்ளும். எதிராளி, ‘என்னால் மிகச் சிறிய பாக்கெட்தான் வாங்க முடியும்’ என்று 48 பைட் என்று சொன்னால், அதில் 40 பைட் தலைப்பு விருப்பங்களுக்கே போய்விட்டு, தரவுக்கு மிஞ்சுவது வெறும் 8 பைட். இப்போது கணக்குப் போடுங்கள். 17 × 32,768 = 5,57,056 பைட். அதை எட்டால் வகுத்தால் 69,632 பாக்கெட். ஒரு பொதியில் எத்தனை பாக்கெட் என்று எண்ணும் இடம் அங்கே 16 பிட். அதாவது 65,535 வரைதான். எண் சுற்றி வந்து பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். ‘இப்படி நடக்கவே முடியாது’ என்று எழுதிவைத்திருந்த ஒரு காவல் வரி அதைப் பார்த்துவிட்டு மொத்தக் கெர்னலையும் நிறுத்திவிடும். 2009-இல் வந்த 2.6.29 கெர்னல் முதல் பத்து வருடம் உலகம் முழுக்க ஓடிய சர்வர்களில் இது இருந்தது.

1996-லும் 65,535, 2019-லும் 65,535. அதே பதினாறு பிட் பெட்டிதான். ஆகவே சோதனை செய்யும்போது நீங்கள் தேடவேண்டியது இப்படிப்பட்ட இடங்களை: நீளம், இடம், எண்ணிக்கை என்று எதிராளி சொல்லும் எண்ணை நம் இயந்திரம் நம்பிக் கணக்குப் போடும் இடங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘கிராஷ்தானே, ரீபூட் செய்தால் சரியாகிவிடும்’ என்று அலட்சியமாக இருக்காதீர்கள். பாதுகாப்புக்குப் பேர்போன ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் 2007-இல், ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6 துண்டுகளைக் கையாளும் இடத்தில் ஒரு ஓட்டை வந்தது. முதலில் அது வெறும் ‘இயந்திரம் நின்றுபோகும் பிழை’ என்றே கருதப்பட்டது. அதையே வைத்துக் கெர்னலுக்குள் நுழையவும் முடியும் என்று கண்டுபிடித்தவர்கள் செய்து காட்டினார்கள். பல வருடமாக ‘ஒரே ஒரு தொலைநிலை ஓட்டை’ என்று பெருமையாகப் போட்டிருந்த வாசகத்தை ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் ‘இரண்டு’ என்று திருத்த வேண்டி வந்தது.

இதெல்லாம் உடைக்கும் வகை. மூச்சுமுட்டவைக்கும் வகை வேறு. 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பேனிக்ஸ் என்ற இணைய நிறுவனத்தைப் பல நாள் படுக்கவைத்த ‘சின் ஃபிளட்’ அப்படிப்பட்டது. ‘பேசலாமா’ என்று கேட்டுவிட்டு, ‘பேசலாம்’ என்று பதில் வந்தபின் வாயே திறக்காமல் இருப்பது. லினக்ஸ் அந்தப் பதிலை ஐந்து முறை திரும்ப அனுப்பிப் பார்த்து, ஏறக்குறைய ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் கைவிடும். அதற்குள் காத்திருப்பு வரிசை நிரம்பி, உண்மையான ஆட்கள் வெளியே நிற்பார்கள். டேனியல் பெர்ன்ஸ்டைன் அந்த வருடமே சொன்ன, வரிசையில் இடம் பிடித்துவைக்காமலே பதில் சொல்லும் ‘சின் குக்கீ’ வழி இப்போது லினக்ஸில் இயல்பாகவே இயங்குகிறது. யாராவது பழைய வழிகாட்டியைப் பார்த்து அணைத்துவைத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

வெறும் வெள்ளத்தைப் பொறுத்தவரை ஒரு எல்லையைப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் பாக்டரிக்கு வரும் 100 மெகாபிட் ஃபைபரில் மிகச் சிறிய பாக்கெட்டாகப் போட்டால் விநாடிக்குச் சுமார் 1,48,800 வரை வரும். அதைச் சர்வர் சிரித்துக்கொண்டே தாங்கினாலும் குழாய் நிரம்பிவிட்டது. அது இயங்குதளத்தின் கையில் இல்லை, இணைப்பு கொடுத்தவரிடம்தான் பேச வேண்டும். அதைச் சோதித்து நேரத்தை வீணாக்காதீர்கள். நீங்கள் பயப்பட வேண்டியது குறைந்த பாக்கெட்டில் அதிக வேலை வைக்கும் தாக்குதலுக்கு. 2018-இல் வந்த ‘செக்மெண்ட்ஸ்மாக்’ அப்படி: விநாடிக்கு 2,000 பாக்கெட்டுக்கும் குறைவாகவே அனுப்பி, வரிசை குலைந்த துண்டுகளை அடுக்கவைத்தே சிபியு கோர்களை மூழ்கடித்துவிடலாம் என்று காட்டினார்கள். கெர்னல் உடையவில்லை. ஆனால் இலை எடை போட வந்தவருக்கு உடைந்ததும் ஒன்றுதான், உறைந்ததும் ஒன்றுதான்.

இப்போது எங்கே வைத்துச் சோதிப்பது என்பதற்கு வருகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் கையே வைக்காதீர்கள். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு முன்னால், கோவைப் பக்கம் ஒரு மில்லில் ஞாயிற்றுக்கிழமைதானே, யாரும் இல்லையே என்று நினைத்து, உடைந்த பாக்கெட்டுகளைக் கொட்டும் ஒரு கருவியை சர்வர் மேல் ஏவிவிட்டேன். சர்வர் அசையவே இல்லை. பெருமையாக டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் வாசலில் வருகைப்பதிவு இயந்திரம் இறந்து கிடக்கிறது, பிரிண்டர் ஒன்று கோடு கோடாகத் துப்பிக்கொண்டிருக்கிறது, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெட்டி பேச்சு மூச்சில்லை. ஒரே ஸ்விட்ச்சில் எல்லாம் இருந்தன. திங்கள்கிழமை முதல் ஷிப்ட் ஆட்களுக்கு வருகையைக் கையால் எழுதினார்கள். அந்த மேனேஜர் என்னைத் திட்டவில்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

சட்டமும் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவுப்படி, உரிமையாளர் அனுமதி இல்லாமல் ஒரு கணினியின் சேவையைக் குலைப்பது நட்டஈடு கொடுக்கவேண்டிய குற்றம். அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். பாக்டரி உரிமையாளரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர் என்றால் அது உங்களுடையது இல்லை, அவர்கள் விதியைப் படித்துவிட்டுத்தான் தொடவேண்டும். இணையம் வழியாக உங்கள் சர்வரையே நீங்கள் தாக்கினாலும் நடுவில் இருக்கும் கம்பி வேறொருவருடையது.

ஆகவே ஒரு இரட்டையை உருவாக்குங்கள். ஒரு பழைய பெட்டி, அதில் உங்கள் சர்வர் வட்டின் அச்சு அசலான நகல். கெர்னல் பதிப்பு எழுத்துக்கு எழுத்து அதேதான் இருக்க வேண்டும். நெட்வொர்க் கார்டும் முடிந்தவரை அதே மாடலாக இருக்கட்டும், ஏனென்றால் பாக்கெட்டை முதலில் தொடுவது அந்தக் கார்டை இயக்கும் டிரைவர் நிரல்தான். மெய்நிகர் இயந்திரத்தில் முதல் சுற்று நடத்துவது நல்லது. விழுந்தால் ஒரு நொடியில் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். ஆனால் சாக் பேனிக் போன்றவை பெரிய பொதியைக் கார்டு மட்டத்தில் நறுக்கும் வசதியோடு பின்னிக்கிடப்பவை. மெய்நிகர் கார்டில் ‘தாங்கியது’ என்பதை வைத்து இரும்புப் பெட்டியும் தாங்கும் என்று கையெழுத்துப் போடாதீர்கள். கடைசிச் சுற்று இரும்பில் நடக்கட்டும். இரட்டையையும் ஒரு லேப்டாப்பையும் ஒரே கேபிளில் நேராக இணையுங்கள். வைஃபை அணைத்து, பாக்டரி நெட்வொர்க்குக்கோ இணையத்துக்கோ போகும் எந்தக் கம்பியும் இல்லாமல். ஸ்விட்ச்கூட வேண்டாம்.

ஏவுவதற்கு முன் சாட்சிகளை உட்காரவையுங்கள். பலரும் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் அடித்துவிட்டு, விழுந்தபின் லாக்கைத் தேடுவார்கள். கெர்னல் விழும்போது கடைசி வரிகளை வட்டில் எழுத அதற்கு நேரம் இருக்காது. அதனால் நெட்கன்சோல் வைத்து கெர்னல் செய்திகளை வேறொரு கார்டு வழியாக இன்னொரு இயந்திரத்துக்கு அனுப்புங்கள். சீரியல் போர்ட் இருக்கும் பழைய பெட்டி என்றால் இன்னும் நல்லது. கேடம்ப் நிறுவிவிடுங்கள். கெர்னல் இறந்ததும் ஒதுக்கிவைத்த நினைவகத்தில் ஒரு சின்னக் கெர்னல் எழுந்து, இறந்ததன் நினைவகத்தை வட்டில் சேமித்துவிட்டு மறுபடி பூட் செய்யும். பிரேதப் பரிசோதனைக்கு உடம்பு வேண்டுமல்லவா. லேப்டாப் பக்கம் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டையும் டிசிபிடம்ப் வைத்துச் சேமியுங்கள். குத்துமதிப்பாகப் பாக்கெட் தயாரிக்கும் கருவி என்றால் அது எந்த விதை எண்ணிலிருந்து தொடங்கியது என்று குறித்துவையுங்கள். மூன்றாம் மணி நேரத்தில் விழுந்த சர்வரைத் திரும்ப விழவைக்க முடியாவிட்டால், கண்டுபிடித்ததாகவே கணக்கு இல்லை.

உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ‘இருக்கிறாயா’ என்று மட்டும் கேட்கும் பிங் போதாது. பிங்குக்குப் பதில் சொல்வது கெர்னலின் அடிமட்டம். மேலே எந்த நிரலும் ஓடாமல் உறைந்துபோன இயந்திரம்கூட பிங்குக்குச் சமத்தாகப் பதில் சொல்லும். நான் செய்வது இப்படி: ஒரு சின்ன ஸ்கிரிப்ட், ஐந்து விநாடிக்கு ஒரு முறை ஒரு பொய் இலை எடையைப் பதிந்து, அதையே திரும்பப் படித்து, எத்தனை மில்லிவிநாடி ஆயிற்று என்று எழுதிவைக்கும். எடை எண்ணாக 1, 2, 3 என்று ஏறுவரிசை கொடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இனி அடிக்கலாம். முதலில் பழையவை எல்லாம்: அளவு தாண்டும் துண்டு, ஏறி உட்காரும் துண்டு, தனக்குத்தானே முகவரி, மிகச் சிறிய பாக்கெட் அளவு. நாம் சொல்கிறபடி பாக்கெட் தயாரித்து அனுப்பும் எச்பிங், ஸ்கேப்பி என்ற இரண்டு கருவிகளும் போதும். பொதுவெளியில் வந்த பாக்கெட் பதிவு இருந்தால் டிசிபிரீப்ளே வைத்து அப்படியே திரும்ப ஓட்டலாம். புதுப்பித்த கெர்னலில் இவை ஒன்றுமே செய்யாது. செய்யக்கூடாது. இந்தச் சுற்றை ஒரு ஸ்கிரிப்டாக எழுதிவைத்துவிட்டால், ஒவ்வொரு முறை கெர்னல் மாற்றும்போதும் அரைமணியில் ஓட்டிவிடலாம். லேண்டின் எட்டு வருடத்தை மறக்கவேண்டாம்.

அடுத்தது குருட்டடி. ஐசிக் என்று ஒரு பழைய கருவிக் குடும்பம் உண்டு. ஐபி, டிசிபி, யுடிபி, ஐசிஎம்பி என்ற விதிமுறைகள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. இத்தனை சதவீதம் தப்பான பதிப்பு எண், இத்தனை சதவீதம் துண்டு, இத்தனை சதவீதம் கோணலான விருப்பங்கள் என்று கொடுத்தால் லட்சக்கணக்கில் கொட்டும். இந்தக் குருட்டடி வித்தை பிறந்த கதை நம் ஊருக்கு ரொம்பப் பொருந்தும். 1988-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்டன் மில்லர், இடி மழை இரவில் வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக வேலை செய்துகொண்டிருந்தார். மின்னல் இரைச்சலில் கம்பியில் தப்புத் தப்பான எழுத்துகள் புகுந்தன. அதைத் தின்ற யூனிக்ஸ் நிரல்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. எழுத்து தப்பானதில் ஆச்சரியமில்லை, அதற்காக நிரலே ஏன் விழ வேண்டும் என்று யோசித்தார். மாணவர்களை வைத்து வேண்டுமென்றே குப்பையை ஊட்டிப் பார்த்ததில், சோதித்த நிரல்களில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை விழுந்தன. 1990-இல் அதை எழுதினார். ‘ஃபஸ்’ என்ற பெயரும் அங்கிருந்துதான். கொடநாட்டுப் பக்கம் இடி இடிக்கும்போது என் மோடத்தைப் பிடுங்கிவைக்க ஓடிய நாட்களில் எனக்கு ஏன் இந்த யோசனை வரவில்லை என்று பின்னால் நினைத்திருக்கிறேன்.

இந்தச் சுற்றை ஒரு இரவு முழுக்க விடுங்கள். பத்து நிமிடத்தில் விழாதது ஆறு மணி நேரத்தில் விழும், ஏனென்றால் சில பிழைகள் ஒரே அடியில் உடையாமல் நினைவகத்தைச் சொட்டுச் சொட்டாகக் கசியவிடும். ஆரம்பத்திலும் முடிவிலும் கெர்னல் நினைவகக் கணக்கை எடுத்து ஒப்பிடுங்கள். அடித்து முடித்து ஒரு மணி நேரம் சும்மா விட்டபின்னும் பழைய அளவுக்கு இறங்கவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். லினக்ஸ் ஃபயர்வாலின் இணைப்பு நினைவுப் பட்டியலையும் பாருங்கள். நிலைபெற்ற ஒரு டிசிபி இணைப்பை அது இயல்பில் ஐந்து நாள் வரை நினைவில் வைத்திருக்கும். பட்டியல் நிரம்பினால் ‘இடமில்லை, பாக்கெட்டைக் கைவிடுகிறேன்’ என்று லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் புது ஆட்களை உள்ளே விடாது. சர்வர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும், யாராலும் நுழைய முடியாது.

ஐபிவி6-ஐ விட்டுவிடாதீர்கள். ‘நாங்கள் அதைப் பயன்படுத்துவதே இல்லை’ என்பார்கள். நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் அது விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. விண்டோஸில் 2013-லும் 2020-லும் ஐபிவி6-இன் ஐசிஎம்பி செய்திகள் வழியாகவே இயந்திரத்தை நிறுத்தும் ஓட்டைகள் வந்தன.

ரூட்டரையும் இதே மேசையில் வைத்து ஒரு சுற்று அடித்துப் பாருங்கள். என் அனுபவத்தில் சர்வருக்கு முன்னால் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிதான் முதலில் விழும். அது விழுந்தால் ஹட்டியில் இருப்பவர் ‘சர்வர் போயிடுச்சு’ என்றுதான் போன் செய்வார்.

சரி, இனி எனக்குப் பிடித்த பகுதி. விழவைப்பதற்கு உண்மையில் தாக்குதலே தேவையில்லை. லினக்ஸில் கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் சிஸ்ஆர்க்யூ வசதி வழியாக ‘சி’ என்ற ஒரே எழுத்தைக் கொடுத்தால் கெர்னல் அந்த இடத்திலேயே விழும். இரட்டையில் அதைச் செய்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். மானிட்டர், கீபோர்டு, மௌஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உண்மையில் பாக்டரியில் எப்படி இருக்குமோ அப்படி.

பலருடைய சர்வர் எழாது. முதல் காரணம், கெர்னல் பேனிக் ஆனால், அதாவது இனி ஓட முடியாது என்று தன்னையே நிறுத்திக்கொண்டால், எத்தனை விநாடியில் மறுபடி பூட் ஆகவேண்டும் என்ற அமைப்பு லினக்ஸில் இயல்பாக 0. பூஜ்யம் என்றால் ‘உடனே’ என்று அர்த்தமில்லை, ‘எப்போதும் இல்லை’ என்று அர்த்தம். யாராவது வந்து பட்டனை அழுத்தும்வரை நிற்கும். 10 என்று மாற்றுங்கள். அப்புறம் ‘ஊப்ஸ்’ என்று ஒரு பாதிச் சாவு இருக்கிறது. கெர்னல் அடிபட்டு, குற்றம் செய்த நிரலை மட்டும் கொன்றுவிட்டு நொண்டிக்கொண்டே ஓடும். மேசைக் கணினியில் அது நல்லது. விவசாயியின் எடைக் கணக்கு இருக்கும் சர்வர் நொண்டிக்கொண்டு எழுதுவதை நான் விரும்பமாட்டேன். ஊப்ஸ் வந்தாலே பேனிக் ஆகட்டும் என்று வைப்பதுதான் என் பழக்கம். இதில் மாற்றுக்கருத்து உள்ளவர்கள் உண்டு.

பேனிக்கே ஆகாமல் உறைந்துபோனால்? அதற்கு வன்பொருள் வாட்ச்டாக். பெரும்பாலான மதர்போர்டில் இருக்கிறது, லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் ஒரு வரி போட்டால் போதும், இயல்பில் அணைந்திருக்கும். குறித்த விநாடிக்குள் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று யாரும் தட்டாவிட்டால் போர்டு தானே ரீசெட் செய்யும்.

அதன்பின் பயாஸ், அதாவது இயங்குதளம் எழுவதற்கு முன் மதர்போர்டில் ஓடும் நிரல். நான் நேரில் பார்த்தவை: கீபோர்டு இல்லை, தொடர எஃப்1 அழுத்தவும் என்று இருட்டு அறையில் காத்திருந்த சர்வர். இல்லாத கீபோர்டில் எஃப்1-ஐ எங்கே அழுத்துவது? கரண்ட் போய் வந்தபின் அணைந்தே கிடந்த சர்வர். மின்சாரம் திரும்பினால் தானாக இயங்கு என்ற அமைப்பைப் போடவில்லை, நம் மலையில் மழைக்காலத்தில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று உங்களுக்கே தெரியும். வட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, பூட் ஆகும்போது கடவுச்சொல் கேட்டு நின்ற சர்வர். யுஎஸ்பியில் யாரோ மறந்துவிட்ட பென்டிரைவிலிருந்து பூட் ஆகப்பார்த்த சர்வர். இவற்றில் எதுவும் தாக்குதல் இல்லை. ஆனால் இரண்டு நிமிடத் தாக்குதலை இரண்டு நாள் முடக்கமாக மாற்றுவது இவைதான்.

எழுந்ததும் அந்த ஏறுவரிசை எண்களைப் பாருங்கள். ஸ்கிரிப்டுக்கு ‘பதிந்தாயிற்று’ என்று பதில் வந்த கடைசி எண் 418 என்றால், தரவுத்தளத்திலும் 418 இருக்க வேண்டும். 415-இல் நின்றால், சர்வர் பதிந்துவிட்டேன் என்று பொய் சொல்லியிருக்கிறது. தரவுத்தளத்தில் வேகத்துக்காக யாராவது, வட்டில் உடனடியாக எழுதும் அமைப்பை அணைத்திருக்கலாம். இதே சோதனையை மின்கம்பியைப் பிடுங்கியும் ஒரு முறை செய்துபாருங்கள், விலை குறைந்த எஸ்எஸ்டி எழுதாமலே எழுதிவிட்டதாகச் சொல்வது அப்போதுதான் தெரியும். மூன்று மூட்டை இலை ஒரு சிறு விவசாயிக்குச் சின்ன விஷயமில்லை. பத்து முறை செய்யுங்கள், பத்து முறையும் சரியாக இருக்க வேண்டும்.

ஒன்று கவனம். தானாக எழும் சர்வரைத் தொடர்ந்து அடித்தால் விழுந்து எழுந்து விழுந்து எழுந்துகொண்டே இருக்கும். அதற்கு மருந்து சர்வரில் இல்லை, முன்னால் இருக்கும் ஃபயர்வாலில். சாக் பேனிக் வந்தபோது கெர்னலைப் புதுப்பிக்க முடியாதவர்கள் சாக்கை அணைத்தார்கள், அல்லது மிகச் சிறிய பாக்கெட் அளவு கேட்பவரை வாசலிலேயே தடுத்தார்கள். விழுந்த பாக்கெட்டின் பதிவு கையில் இருந்தால்தான் எதைத் தடுப்பது என்றே தெரியும். சாட்சிகள் இதற்கும்தான்.

உங்கள் சர்வருக்கு வெளியே திறந்திருக்கவேண்டிய கதவு எடை அனுப்பும் ஒன்றே ஒன்று. நிர்வாகத்துக்காக வெளியிலிருந்து நுழைய வைத்திருக்கும் எஸ்எஸ்எச்சை, வயர்கார்டு என்ற பூட்டிய சுரங்கப்பாதைக்குள் தள்ளிவிடுங்கள். சாவி இல்லாதவர் தட்டினால் வயர்கார்டு பதிலே சொல்லாது. கெர்னல் புதுப்பிப்பை மாதம் ஒரு இரவு, ரீபூட்டோடு சேர்த்துச் செய்யுங்கள். புதுக் கெர்னலை நிறுவிவிட்டு ரீபூட் செய்யாமல் வருடக்கணக்கில் ஓடும் சர்வரில் ஓடுவது பழைய கெர்னல்தான். ‘என் சர்வர் 900 நாளாக அணையவே இல்லை’ என்று ஒருவர் பெருமைப்பட்டால், 900 நாள் பழைய ஓட்டைகள் அனைத்தும் அங்கே பத்திரமாக இருக்கின்றன என்று நான் எடுத்துக்கொள்வேன். உண்மையாகவே யாராவது தாக்கினால், 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குச் சொல்லவேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம் தம்பி. இந்த வாரம் இரட்டையைத் தயார் செய்து, கீபோர்டைக் கழற்றிவிட்டு, அந்த ‘சி’ சோதனையை மட்டும் செய்யுங்கள். விழுந்த நேரம், முதல் எடை மறுபடி பதிந்த நேரம், கடைசியாக மிஞ்சிய எண், மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பத்து நிமிடமாகியும் எழவில்லை என்றால் மானிட்டரை மாட்டி, திரையில் என்ன கேட்டுக்கொண்டு நிற்கிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும், அங்கிருந்து பேசுவோம்.